நெளியாத கோடு

வீரபாகு பொறியியல் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது ஒரு கட்டைவிரல். தாளாளர் வீரபாகுவின் வலது கைக் கட்டைவிரல். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் ஊறிப்போன விரல் அது. தோலை மடித்து, அழுத்தி, தேய்த்து, "இது ஏ கிரேடு, இது பி, இது ரிஜெக்ட்" என்று பிரித்துப் போட்டே பழகிய விரல், கல்லூரி ஆரம்பித்துவிட்டதற்காகச் சும்மா இருக்குமா? ஆராய்ச்சித் திட்டங்கள் அவர் மேஜைக்கு வரும். முதல் பக்கத்தின் மூலையை மடிப்பார், விரலால் அழுத்துவார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். படிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. படிப்பதற்கென்று சம்பளம் கொடுத்து முதல்வர் சுந்தரமூர்த்தியை வைத்திருக்கிறார். சுந்தரமூர்த்தியும் படிக்க மாட்டார். தாளாளர் படிக்காததை நாம் படிப்பது மரியாதையாக இருக்காது என்பது அவர் எண்ணம்.

அந்த மேஜையில்தான் அன்று இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று தேவகியுடையது, மற்றொன்று நித்யஸ்ரீயுடையது. இரண்டுக்கும் ஒரே தலைப்பு: அதிவேகமாக நகரும் கருவிகளுக்குப் பல டிரான்ஸ்மிட்டர்களைக் கொண்டு சேனலைக் கணிப்பது.

இது பெரிய பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை. காட்பாடியில் ரயில் கிளம்பி வேகம் பிடித்ததும் போனில் பேசுகிறவர் குரல் கொத்துக்கறி ஆகிவிடுகிறதல்லவா, அந்தச் சங்கடம்தான். டவரிலிருந்து வருகிற அலை நேராகவும் வரும், மலையில் மோதியும் வரும், எதிரே போகிற லாரியில் பட்டும் வரும். அலை வருகிற இந்த வழிக்குத்தான் சேனல் என்று பெயர். நாம் ஓடிக்கொண்டிருந்தால் அது கணத்துக்குக் கணம் மாறும். வழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, டிரான்ஸ்மிட்டர் நடுநடுவே ஏற்கெனவே தெரிந்த ஒரு குறிப்பை அனுப்பும். பைலட் என்பார்கள். தெரிந்த குறிப்பு எவ்வளவு சிதைந்து வருகிறது என்று பார்த்தால் வழியின் லட்சணம் தெரிந்துவிடும். தாளாளர் ஆண்டு விழாவில் வருடாவருடம் ஒரே பேச்சைப் பேசுகிறார். அது எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் எந்த வார்த்தை கொரகொரக்கிறது என்று கேட்டே எந்த ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று மைக் செட்காரர் கண்டுபிடித்துவிடுகிறார். அதே தத்துவம். டிரான்ஸ்மிட்டர் நாலு இருந்தால் ஒன்று பேசும்போது மற்ற மூன்றும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தாளாளர் முதலில் தேவகியின் திட்டத்தைத் தொட்டார். தேவகி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். நூலை வீணாக்காத குடும்பம். மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தாள்.

"லூஸ் கிரெயின்மா இது," என்றார் தாளாளர், தொளதொளத்த தோலைத் தள்ளி வைக்கிற குரலில். "இழுத்தா பிஞ்சிடும்."

அடுத்து நித்யஸ்ரீயுடையது. வேலூரில் நல்ல கடையில் கொடுத்து, தடித்த தாளில், மேலே வழவழ அட்டை போட்டிருந்தாள். விரல் அதன்மேல் போனது, நின்றது, திரும்பி வந்தது.

"ஏ கிரேடு," என்றார். "இன்னா ஃபினிஷிங்கு பாரு!"

"பிரமாதம் சார்," என்றார் முதல்வர். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டிருக்கவில்லை.

தேவகிக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. திட்டத்தை நடத்துகிறவருக்கு இணைப் பேராசிரியர் பதவி என்று சொல்லியிருந்தார்கள். இருப்பது ஒரே ஒரு இடம். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போய், இன்னும் உதவிப் பேராசிரியராகவே இருப்பவள் தேவகி. நித்யஸ்ரீ நேற்று வந்தவள். சர்க்யூட்டில் சந்தேகம் வந்தால், "அக்கா, இத கொஞ்சம் பாருங்களேன்" என்று தேவகியிடம் வந்து நின்றவள். பாகாயத்தில் கல்லூரி பஸ் ஏறுகிற தேவகி, விரிஞ்சிபுரத்தில் ஏறப்போகிற அவளுக்காகப் பக்கத்தில் டிபன் பையை வைத்து இடம் பிடிப்பாள். அப்படி இடம் பிடித்துக் கொடுத்த தன் கையையே இப்போது அவளுக்குக் கடித்து வைக்க வேண்டும் போலிருந்தது.

அந்த பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் போதும். டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசை இணைப் பேராசிரியர்களுக்கு. அந்த சீட்டுகளின் தலைப்பக்கத்தில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கும். அடுத்தடுத்த வரிசைகள் சர்வீஸ்படி. உதவிப் பேராசிரியர்கள் பின்சக்கரத்துக்கு மேலே, பள்ளம் வந்தால் தலை கூரையில் இடிக்கிற இடத்தில். முதல் வரிசையில் ஜன்னலோர சீட் ஒன்று காலியாகவே இருந்தது. யாரும் உட்காராத அந்த சீட்டுக்கும் திங்கட்கிழமை தவறாமல் துவைத்த துண்டு மாற்றினார்கள். தேவகி வருடக்கணக்காக அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போய் வந்தாள்.

திட்டம் தொடங்கியதும் முதல்வர் கூட்டம் போட்டார். கருவி அதிவேகமாக நகர வேண்டும். அதற்கு பஸ் வேண்டும். பஸ் வேகமாக ஓட வேண்டும் என்றாள் நித்யஸ்ரீ.

"ஓடட்டும்," என்றார் முதல்வர். "ஆனா கேம்பஸ்குள்ள பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல போவக்கூடாது. போர்டு வச்சிருக்கோம். வச்சது நானு."

"பதினஞ்சுல போனா அது வேகம் இல்ல சார். ஹைவேல ஓட்டினா..."

"ஹைவே நம்ம காலேஜிதா? அங்க நடக்கற ஆராய்ச்சிக்கு நாம எப்பிடிம்மா பேரு வாங்க முடியும்?" முதல்வர் கண்ணை மூடி யோசித்தார். நல்ல நிர்வாகிக்கு வழி கிடைக்காமல் போகாது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இவ்வளாகத்துக்குள் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பது அதிவேகமாகக் கொள்ளப்படும். பத்து கிலோமீட்டர் வேகமாகவும், அதற்குக் கீழ்ப்பட்டது மிதவேகமாகவும் கொள்ளப்படும்.

பஸ் டிரைவர் அப்துல் சமத் அதைப் படித்துவிட்டு மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இன்னா மேடம் இது, பேஜாரு. பதினஞ்சுல போனா ஆடு மாடுகூட ஹார்ன் அடிச்சு என்ன ஓவர்டேக் பண்ணும்," என்றார்.

தேவகி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசாரச் சிரித்தாள். இந்த லட்சணத்தில் நித்யஸ்ரீ எங்கே தேறப் போகிறாள் என்று ஒரு நிம்மதி.

அடுத்து, நாலு டிரான்ஸ்மிட்டர்களையும் வளாகத்தின் நாலு மூலையில் கம்பம் நட்டு ஏற்றினார்கள். ஆளுக்கொன்றாக நாலு துறைத் தலைவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சிவில் துறைக்கு எதற்கு டிரான்ஸ்மிட்டர் என்று கேட்கக் கூடாது. கம்பத்துக்குப் பள்ளம் தோண்டியது அவர்கள்தான். நாலும் முறை வைத்துத்தான் பேச வேண்டும், ஒன்று பேசும்போது மற்றவை சும்மா இருக்க வேண்டும் என்று நித்யஸ்ரீ விளக்கியபோது கூட்டத்தில் புயல் அடித்தது.

"எங்க டிபார்ட்மென்ட்டு ஏன் சும்மா இருக்கணும்?" என்றார் ஒருவர்.

"மொதல்ல பேசறது யாரு? அத மொதல்ல சொல்லுங்க," என்றார் இன்னொருவர்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேசியதும் யாருக்கும் விளங்கவில்லை. நாலு டிரான்ஸ்மிட்டர் ஒன்றாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தர முடியாது என்று தேவகி நினைத்தாள். முதல்வர் கையைத் தூக்கி அமர்த்தினார்.

"நம்ம காலேஜில ஏற்றத்தாழ்வு கெடையாது. நாலும் ஒரே நேரத்துல பேசட்டும். யாரும் யாரையும் வாய மூடுன்னு சொல்ல வேணாம். நானே இத்தன வருஷத்துல யாரையும் பேசவுட்டு கேட்டது இல்ல, ஆனா வாய மூடுன்னு சொன்னதும் இல்ல," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நித்யஸ்ரீ போய் ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் சற்றுக் கீழே, கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தினாள். நாலு விளக்கும் எப்போதும் ஒன்றாக எரிந்தன. உள்ளே டிரான்ஸ்மிட்டர்கள் மட்டும் ஒழுங்காக முறை வைத்து, கண்ணிமைக்கிற நேரத்தில் மாறி மாறிப் பேசின. துறைத் தலைவர்கள் தினமும் நடைப்பயிற்சியின்போது தங்கள் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்கள்.

அந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்று தேவகிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தோன்றியிருக்காது என்றும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசம்.

இந்த நேரத்தில்தான் தாளாளருக்கு ஒரு ஆசை வந்தது. கம்பத்தின் மேலே இருக்கிற பெட்டிகள் மொட்டையாக, தகர டப்பா மாதிரி இருக்கின்றனவே. டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும்போது நம் ஊர் அடையாளம் தெரிய வேண்டாமா? தன் ஷூ ஃபாக்டரியில் சொல்லி நாலு தோல் உறை தைக்கச் சொன்னார். பொன் நிறத்தில், கல்லூரி முத்திரை பதித்து, பின்பக்கம் ஷூவுக்கு இருப்பது போலத் துளை போட்டு லேஸ் கட்டுகிற மாதிரி.

தேவகியின் கணவன் முத்துக்குமார் அந்த ஃபாக்டரியில்தான் குவாலிட்டி பார்க்கிறான். இரவுச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நம்ம மொதலாளி பண்ற அலப்பறைக்கு அளவே இல்ல. மழ பட்டா பொன்னு மங்கிடுமாம். தோலுக்கு அடியில கனமா அலுமினிய ஃபாயில் வச்சு ஒட்டுங்கன்றாரு. டிபன் பொட்டலம் கட்டற மாதிரி கட்டிவச்சிருக்கோம். கீழ மூடற பிளேட்டும் அதே. ஒரு எறும்பு உள்ள போவ முடியாது."

தேவகி சாம்பார் ஊற்றுவதை நிறுத்தினாள். "சுத்திலுமா?"

"சுத்திலும்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்க."

எறும்பு போக முடியாத இடத்தில் அலையும் போகாது. வெளியே பார்த்தால் வெறும் தோல். உள்ளே ஃபாயில் இருப்பது தாளாளருக்கும் தைத்தவர்களுக்கும் தேவகிக்கும்தான் தெரியும்; அதனால் என்ன ஆகும் என்பது தேவகிக்கு மட்டும்தான் தெரியும். அவள் அன்று வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினாள்.

உறைகள் வந்து இறங்கிய அன்று பஸ்ஸில் நித்யஸ்ரீ வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. "டெல்லிக்காரங்க வர்ற விழா அன்னிக்கி காலையிலதான் மாட்டணும்னு தாளாளர் சொல்லிட்டாருக்கா. மாட்டிட்டு டெஸ்ட் பண்ண டைமே இல்ல. வெறும் தோலுதான? அதுனால ஒண்ணும் ஆவாதுல்ல?"

கேட்டது ஒரே கேள்வி. பதில் சொல்ல தேவகிக்கு, இறங்க வேண்டிய பள்ளிகொண்டா வரை நேரம் இருந்தது. முன்னால் அந்த வெள்ளைத் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆவாது," என்றாள் தேவகி. "வெறும் தோலுதான்."

விழாவுக்கு டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழுத் தலைவர் வந்தார். காலையில் வந்தவரை நேராக அழைத்துப் போய் ஆம்பூர் பிரியாணி கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கண்கள் முழுதாகத் திறக்கவே இல்லை. நாலு கம்பத்துக்கும் நாலு ரிப்பன், நாலு கத்திரிக்கோல். பொன் உறைகள் வெயிலில் ஜொலித்தன. முதல்வர் பேசினார். "சில பேரு கேக்கறாங்க, இந்த காலேஜில ஆராய்ச்சி நடக்குதான்னு. நான் கேக்கறேன், நடக்கலன்னு யாரு நிரூபிச்சாங்க? ஒருத்தர காட்டுங்க பாக்கலாம்!" என்றார். பலத்த கைதட்டல். தாளாளர் ஆண்டு விழாப் பேச்சையே பேசினார். இடதுபக்க ஸ்பீக்கர் கொரகொரத்தது.

பிறகு பஸ் கிளம்பியது. உள்ளே பெரிய திரை. தாளாளரும் டெல்லிக்காரரும் முன்வரிசையில். லேப்டாப்போடு நித்யஸ்ரீ. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேவகி. நின்றபடியே போக வேண்டியிருந்தாலும் இதைப் பார்க்காமல் விடுவதாக இல்லை அவள். அப்துல் சமத் சுற்றறிக்கைப்படி அதிவேகமாக, பதினைந்து கிலோமீட்டரில் ஓட்டினார்.

திரையில் ஒரு கோடு வந்தது. காலையில் உறை மாட்டுவதற்கு முன் கடைசியாகக் கிடைத்த கணிப்பு அது. அதற்குப் பிறகு ஒரு குறிப்பும் வந்து சேரவில்லை. புதிதாக எதுவும் வராவிட்டால் பழைய கணிப்பையே பிடித்துக்கொள் என்று எழுதப்பட்ட நிரல், அதையே பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் வளைந்தது. கோடு நேராக இருந்தது. பஸ் வேகத்தடையில் ஏறி எல்லோரும் குலுங்கினார்கள். கோடு குலுங்கவில்லை. நித்யஸ்ரீ ஒரே விசையை மறுபடி மறுபடி தட்டுவதை தேவகி பார்த்தாள். இதோ, இப்போது யாராவது கேட்பார்கள், மானம் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தாளாளர் எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா சார்!" என்றார் டெல்லிக்காரரிடம். "பஸ்ஸு இன்னா ஆட்டம் ஆடுது! என் வயிறே கலங்கிப்போச்சு. அந்த கோடு கொஞ்சமாச்சும் நெளிஞ்சுதா? இதான் சார் குவாலிட்டி!"

டெல்லிக்காரர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். "அற்புதமான நிலைத்தன்மை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை, துவைத்த வெள்ளைத் துண்டில் தலை சாய்த்து இணைப் பேராசிரியர் நித்யஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். தேவகியின் டிபன் பை பக்கத்து சீட்டில் அப்படியே கிடந்தது. பள்ளம் வந்தபோது தலை கூரையில் இடித்தது. ஐயோ, பாவி, உன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உறையில் ஃபாயில் இருக்கிறது என்று அன்றே சொல்லியிருந்தால், உறையைக் கழற்றியிருப்பார்கள், கோடு நெளிந்திருக்கும், தாளாளர் முகம் சுளித்திருப்பார், பதவியும் போயிருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தாலே கவிழ்த்திருக்கலாம். பொய் சொல்லி அல்லவா அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டாள்!

அந்த ஆற்றாமையில் நேராக முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உறைக்குள் ஃபாயில், அலை வெளியே வரவில்லை, அந்தக் கோடு செத்த கோடு.

முதல்வர் கவனமாகக் கேட்டார். கல்லூரியில் பணியிட மனப்பாங்கு மேம்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அதைக் கூட்டினார். அதற்குத் தலைவரும் அவரே. நித்யஸ்ரீயையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"சார், உறைய பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்," என்றாள் தேவகி.

"அது டெக்னிக்கல் மேட்டரு. இந்தக் கமிட்டி வரம்புக்குள்ள வராது," என்றார் முதல்வர். "நீங்க சொல்றது நெசமா இல்லையான்றது எங்களுக்குத் தேவையில்ல. நீங்க அத எதனால சொல்றீங்கன்றதுதான் எங்க வரம்பு. உள்ள ஃபாயில் இருக்குன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். "விழாவுக்கு முன்னாடியே."

நித்யஸ்ரீ திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் பார்க்க முடியவில்லை.

"அப்போ சொல்லல. அந்தம்மாக்கு பதவி வந்தப்புறம் சொல்றீங்க. ஒரே ஒரு கேள்வி. நீங்க பொறாமப்படறீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அது அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்து நின்ற விஷயம். மறைக்க இடமே இல்லை. "ஆமா சார்," என்றாள். "ரொம்ப."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அவ்வளவு சுலபமாக எந்த விசாரணையும் இதுவரை முடிந்ததில்லை. முதல்வர் தீர்ப்பு சொன்னார்: "ஒரு வாயிலருந்து பொறாமையும் வரும், உண்மையும் வரும்னா நிர்வாகம் நடத்த முடியாது. ரெண்டுல ஒண்ணத்தான் நாங்க எடுத்துக்க முடியும். அப்புறம், பொறாமப்படற அளவுக்கு இங்க ஒரு சாதன நடந்திருக்குன்னும் இதனால ஊர்ஜிதமாவுது. இத டெல்லிக்கு அனுப்பற அறிக்கையில சேத்துக்கறோம். ரொம்ப நன்றி, மேடம்."

அன்றிலிருந்து கல்லூரியில் தேவகிக்கு அதுவே அடையாளமாகிவிட்டது. காபி ஆறிவிட்டது என்று கேன்டீனில் சொன்னால்கூட, "மேடம் எதையுமே நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தார்கள்.

நித்யஸ்ரீ ஒரு மாதம் பேசவில்லை. பார்வையாளர்கள் வந்தபோதெல்லாம் பஸ்ஸில் ஏறி, செத்த கோட்டைக் காட்டி, பாராட்டு வாங்கி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது. தேவகிக்கு அதுவும் பொறுக்கவில்லை. பாராட்டும் கிடைத்து, வருத்தப்படுகிற கௌரவமும் கிடைக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிறப்பு வகுப்பு முடிந்து ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நித்யஸ்ரீ வந்து முன்னால் நின்றாள்.

"நீங்க ஏன் அப்பிடி சொன்னீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றாள். "அந்த உறைய அவுக்கப் போறேன். ஹைவேல ஓட்டிப் பாக்கப் போறேன். நான் பண்ணது வேல செய்யுதா இல்லையான்னே எனக்குத் தெரியாதுக்கா. அது தெரியாம அந்த சீட்ல உக்கார முடியல. கெடுத்தது நீங்க. நீங்களும் வரணும்."

தேவகி வந்தாள். அது வேலை செய்யாது என்று பார்க்கத்தான் வந்தாள்.

நாலு கம்பத்திலும் ஸ்டூல் போட்டு ஏறி லேஸை அவிழ்த்து உறைகளைக் கழற்றினார்கள். அப்துல் சமத் பஸ்ஸை நெடுஞ்சாலையில் ஏற்றினார். சுற்றறிக்கையைப் பையிலிருந்து எடுத்து டேஷ்போர்டில் போட்டார். "கெட்டியா புடிச்சுக்கோங்க மேடம். ஒரு வருஷமா கால் நமநமன்னு இருக்கு," என்று சொல்லி மிதித்தார்.

கல்லூரிச் சுவரையொட்டி பஸ் பறந்தது. திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. நீலம், வழியின் நிஜமான நெளிவு. சிவப்பு, நித்யஸ்ரீயின் கணிப்பு. நீலம் துள்ளியது, மடங்கியது, ஒரு லாரி குறுக்கே வந்ததும் தலைகுப்புற விழுந்து எழுந்தது. சிவப்பு அதன் கூடவே போனது. துள்ளிய இடத்தில் துள்ளி, விழுந்த இடத்தில் விழுந்து, ஒரு இடத்திலும் பிசகவில்லை. நாலு டிரான்ஸ்மிட்டர்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது.

நித்யஸ்ரீ அழுதுகொண்டே சிரித்தாள். "வேல செய்யுதுக்கா! பாருங்கக்கா!"

தேவகி பார்த்தாள். இத்தனை நாள் அவள் பொறாமைப்பட்டது ஒரு டூப்பைப் பார்த்து. அதில் ஒரு சுகம் இருந்தது. தாளின் தடிமனுக்குக் கிடைத்த பதவி, செத்த கோட்டுக்குக் கிடைத்த சீட் என்று சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைய முடிந்தது. இப்போது அந்த ஆறுதலும் போயிற்று. நித்யஸ்ரீ நிஜமாகவே கெட்டிக்காரி. தன் திட்டத்தில் இந்த வேகத்துக்கு நீலம் எங்கேயோ, சிவப்பு எங்கேயோ கிடந்திருக்கும். வயிறு முன்னைவிட ஜாஸ்தியாக எரிந்தது.

பஸ் திரும்பி கேட்டுக்குள் நுழைந்தபோது எதிரே தாளாளரின் கார் நின்றிருந்தது. கம்பங்களை வெறித்துப் பார்த்துவிட்டு அவர் பஸ்ஸுக்குள் ஏறினார்.

"எவன் அவுத்தது உறைய? மொட்டையா நிக்குது!" என்று கத்தியவர் திரையைப் பார்த்ததும் பதறிவிட்டார். "அய்யய்யோ, கோடு இன்னாமா இப்பிடி துள்ளுது? ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

"சார், இதுதான் சார் நெசம்..." என்று நித்யஸ்ரீ ஆரம்பித்தாள். அழுத முகமும் குழறிய பேச்சுமாக அவளால் கோவையாகச் சொல்ல முடியவில்லை.

தாளாளர் தேவகி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீயும் இதத்தான படிச்சிருக்க. இது சரியா, ரிப்பேரா?"

ரிப்பேர் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஜன்னலோர சீட் மறுபடி காலியாகும். தேவகிக்கு அது தெரிந்தது. சொல்லவும் வாய் வந்தது. ஆனால் திரையில் நீலமும் சிவப்பும் ஒன்றாக நின்றிருந்தன. படித்த கண்ணுக்கு அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வரவில்லை.

"இதுதான் சார் சரி," என்றாள். "ஓடும்போது கோடு நெளியத்தான் செய்யும். நெளியலன்னாதான் தப்பு. நித்யா ரொம்ப நல்லா பண்ணியிருக்கா. என்னால இப்பிடி பண்ணியிருக்க முடியாது."

தாளாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சுந்தரமூர்த்தி சொன்னாரு, நான் நம்பல. இவ்ளோ பொறாம ஒடம்புக்கு ஆவாதும்மா! நல்லா நேரா இருந்த கோட்ட கெடுத்துவிட்டுட்டு, கெட்டதுதான் நல்லதுன்னு எங்கிட்டயே சொல்றியே?" நித்யஸ்ரீயின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நீ சின்னப் பொண்ணு. இவங்க பேச்ச கேட்டு பாழாப் போவாத. உன் சீட்டு உனக்கு இருக்கு. போய் உறைய மாட்டு. இனிமே இத யாரும் அவுக்கக்கூடாது. நாளைக்கே பூட்டு போடச் சொல்றேன்."

அவர் நிற்கும்போதே மாட்ட வேண்டியிருந்தது. கம்பம் கம்பமாக நித்யஸ்ரீ உறையைப் பிடித்துக்கொள்ள, தேவகி ஸ்டூலில் ஏறி லேஸைக் கோத்துக் கட்டினாள். பொன் உறை ஏறியதும் விளக்கு மட்டும் வெளியே சிவப்பாக எரிந்தது.

கடைசிக் கம்பத்தில் நித்யஸ்ரீ கீழே இருந்து மெல்லச் சொன்னாள். "தேங்க்ஸ்க்கா. அவரு ஒத்துக்கலன்னா போவட்டும். நீங்க வாயத் தொறந்து சொன்னீங்களே, எனக்கு அது போதும்."

தேவகி உண்மையைத்தான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உறை மறுபடி ஏறுகிறதே என்று, அந்த சிவப்புக் கோட்டை இனி ஒருவரும் பார்க்கப் போவதில்லையே என்று, அடிவயிற்றில் ஒரு மூலை ஜில்லென்று குளிர்ந்து கிடந்தது. அவள் லேஸை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, அது அவிழ்ந்துவிடக் கூடாதே என்று, மேலே இன்னொரு முடிச்சும் போட்டாள்.